சூசை பிடுங்கிய வயரும் வியாழக்கிழமை ஓவியக்கூடமும்

குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் மைக்செட் கடை வைத்திருந்த சூசைக்குச் சத்தம்தான் பிழைப்பு. கோயில் கொடையோ, மாதா கோயில் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, தென்னையில் ஏறிக் கோளாம்பி ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு இறங்கி அவன் "ஹலோ, ஹலோ" என்று சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்படிப்பட்டவன் 2004இல் கட்டிக்கொண்டது கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த டெல்சியை. கல்யாணப் பேச்சின்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மைக் வைக்கக் கூடாது. மைக்செட்காரன் கல்யாணம் மைக் இல்லாமல் நடந்தது. மாப்பிள்ளைக்கும் பங்குச் சாமியாருக்கும் ஏதோ சண்டை என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் கண்டுகொள்ளாத சின்னச் சின்ன விஷயங்கள்கூட டெல்சியைப் பாடாய்ப் படுத்தின. பஸ் ஹாரன் கேட்டால் பல் கூசும். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். ஜரிகைச் சேலை உடம்பில் பட்டால் அரிக்கும். கூட்டத்தில் யாராவது இடித்தால் மூச்சு முட்டும். உறவுக்காரர்கள் அதைத் திமிர் என்றார்கள். சூசைக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. பிறகு நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா, சிலருடைய காதும் கண்ணும் தோலும் உலகத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவனுக்குப் பெரிய நிம்மதி. அன்றே ஸ்பீக்கர் பெட்டிகளுக்கென்று கடையில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவந்து வீட்டுக் கதவிடுக்குகளில் எல்லாம் அடைத்தான்.

டெல்சிக்கு ஆசை படங்கள் மேல். காலண்டர், வாரப்பத்திரிகை, சேலைக்கடை அட்டை எதில் நல்ல படம் இருந்தாலும் வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுவாள். ஆனால் கையால் வரைந்த பெரிய ஓவியம் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

2012இல் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர், குழித்துறை வழியே ஓடும் தாமிரபரணிக் கரையில் காலியாகக் கிடந்த மரக் கிட்டங்கியை வாங்கித் தான் சேர்த்த ஓவியங்களை மாட்டி ஓவியக்கூடமாக்கினார். பொறுப்பாளர் ஜெபகுமாரி, ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர். திறப்புவிழாவுக்கு மைக்செட் சூசையுடையது. டெல்சியை வரவேண்டாம் என்று அவன் கெஞ்சினான். அவள் நல்ல பருத்திச் சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் செண்டை மேளம். உள்ளே தகரக் கூரையில் எதிரொலி, வரிசையாக டியூப்லைட், தரையெல்லாம் பினாயில் வாடை, எல்லார் கையிலும் பளிச் பளிச்சென்று செல்போன். டெல்சி நீல நிறத்தில் ஏதோ ஒரு ஓவியத்தின் முன் போய் நின்றாள். அடுத்த நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு கதவுக்கும் சுவருக்கும் நடுவில் குந்திவிட்டாள். ஒருவர் அவள் முகத்தில் சோடாவைத் தெளித்தார். ஒரு பெண் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணத் தொடங்கினாள். மேடையில் சிறப்பு விருந்தினர் கலையின் மேன்மை பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

சூசை வயரைப் பிடுங்கினான். விருந்தினர் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவர் அதைக் கவனிக்குமுன் இருவரும் பைக்கில் பாலத்தைத் தாண்டியிருந்தார்கள்.

சாயங்காலம்வரை டெல்சி இருட்டறையில் படுத்துக் கிடந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் படத்துல ஒரு நீலம் கெடக்கு. ஒழுங்கா பாக்க விடல்ல. எனக்கு அத பாக்கணும்."

மறுநாள் திட்டு வாங்கத் தயாராக ஜெபகுமாரி டீச்சரிடம் போனான் சூசை. அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீரு வயர புடுங்கினப்பதான் எனக்க தலைவலி நின்னுது, சூசை" என்றார்.

அவன் டெல்சி கேட்டதைச் சொல்லி, ஒரு யோசனையும் வைத்தான். வியாழக்கிழமை காலைகளில், கூட்டம் வருவதற்கு முன்னால், சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, டெல்சி மாதிரி ஆட்களுக்காகவே கூடத்தைத் திறந்தால் என்ன? டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று மத்தியானமே இருவரும் ஏணியும் எண்ணெய்க்குப்பியுமாக இறங்கிவிட்டார்கள். இரையும் டியூப்லைட்டுகள் கழன்றன. கிறீச்சிட்ட கம்பிக் கதவு எண்ணெய் குடித்தது. காலடிச் சத்தத்தை அடக்கக் குலசேகரத்துச் சிநேகிதனிடம் ஈர ரப்பர் ஷீட்டுகளை வாங்கித் தரையெங்கும் விரித்துவிட்டு, பெருமையோடு மனைவியை அழைத்துவந்தான் சூசை.

பச்சை ரப்பரின் புளித்த வாடையில் டெல்சி வாசற்படியிலேயே மூக்கைப் பொத்தினாள். "இந்த வாடைக்குத் தப்பிச்சுத்தான் உங்கள கட்டினேன்" என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள். டீச்சரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஷீட்டுகள் வண்டியேறின. தேங்காய்நார்ப் பாய்கள் வந்தன. அதன்பின் டெல்சி சொல்லச் சொல்லத்தான் வேலை நடந்தது. பினாயில் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படம்பிடித்து வாசலிலேயே ஒட்டிவிட்டால் திடுக்கிட வேண்டாம். தாங்கவில்லையென்றால் போய் உட்கார, திரைபோட்ட ஒரு சின்ன அறையும் இலவம்பஞ்சுத் தலையணைகளும் வேண்டும்.

மிச்சமிருந்தது காவலாளி முத்துநாயகத்தின் குரல். தோட்டத்து பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்; ரகசியம் சொன்னாலும் மலைக்குக் கேட்கும். அவருக்குச் சைகை பழக்கினார் டீச்சர். "இந்தப் பக்கம் வாருங்கள்" என்பதை அவர் இடுப்பை வளைத்து இரு கைகளாலும் காட்டியபோது டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஊருக்குத் தெரிவிக்கும் பொறுப்பைச் சூசை ஏற்றான். ஆட்டோவில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டி, "சத்தமில்லாத ஓவியக்கூடம், அனைவரும் வருக" என்று சந்தை அதிர அலறிக்கொண்டு போனான். அந்த அமைதி வேண்டியவர்கள் எல்லாரும் அந்நேரம் காதைப் பொத்தியிருப்பார்கள் என்று டெல்சி சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகத்தில் அசடு வழிந்தது. அப்புறம் டாக்டரம்மா வழியாகவும் சிறப்புப் பள்ளிகள் வழியாகவும் சேதி போனது.

முதல் வியாழனன்று, கூட்டத்தின் சத்தத்துக்குப் பயந்து மத்தியானச் சோற்றை எப்போதும் தனியாகவே தின்கிற வங்கி குமாஸ்தா வினோஜ் வந்தார். தாணம்மாள் என்ற அம்மா, வளர்ந்த மகள் ரேஷ்மியோடு வந்தார். சந்தோஷமானால் ரேஷ்மி கைகளைச் சிறகு மாதிரி அடிப்பாள், அதற்காகவே எங்கும் கூட்டிப்போவதில்லையாம். எல்லாரும் பாயில் பைய நடந்தார்கள். டெல்சி நேராக அந்த நீலத்திடம் போய் வெகுநேரம் நின்றாள். சூசை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவள் திரும்பி உதட்டைப் பிதுக்கினாள். காலண்டர் நீலமே தேவலை என்று அர்த்தம்.

அடுத்த ஓவியத்தில் ஓர் ஆடு, கொடியில் காய்ந்த வேட்டியின் பாதியைத் தின்றுவிட்டு யோக்கியன் மாதிரி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. டெல்சிக்குச் சிரிப்பு கிளம்பியது. முதலில் மூக்கில், பிறகு தோளில், பிறகு கூடம் முழுக்க. முத்துநாயகம் பதறி எல்லாச் சைகைகளையும் ஒரே நேரத்தில் காட்டினார். அதைப் பார்த்து வினோஜ் சிரித்தார். ரேஷ்மி கைகளை அடித்துக்கொண்டு ஆட்டைச் சுற்றி வந்தாள். தாணம்மாள் மகளைத் தடுக்கவில்லை. நின்று கண் நிறையப் பார்த்தார். யாரும் காதைப் பொத்தவில்லை என்பதைச் சூசை ஒவ்வொரு முகமாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டான். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, பைக்கில் எப்போதும் வாயே திறக்காத டெல்சி அன்று வழியெல்லாம் ஓவியம் ஓவியமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆட்டின் கொம்பு எப்படி வளைந்திருந்தது என்று இரண்டு கையையும் விட்டுக் காட்டத் தொடங்கியதும், சூசை வண்டியை ஓரமாக நிறுத்தி முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டான்.