ஒரு புகாருக்கு ஒரு பட்டினி

என் மனைவிக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது முத்தாரம்மனுக்குத்தான், எனக்கு அல்ல. சமையலறை அலமாரியின் மேல்தட்டில் அம்மன் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு அதன் முன்னால் நின்று, அந்த வாரம் யார் யார் தன் மனதை நோகடித்தார்கள் என்று உரக்கச் சொல்வாள். முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும் என் காதில் எல்லாம் விழும். பாதி வழக்குகளில் நான்தான் எதிராளி.

"கேட்டியா தாயே, நேத்து வச்ச ரசம் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே இந்த மனுசன்! கடகடன்னு குடிச்சிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போறாரு."

சொல்லி முடித்தபின் சிரித்த முகமாக எனக்குக் காப்பி கொண்டுவருவாள். அம்மன் காதில் போட்டாயிற்று, இனி அவள் பாடு. மனசு நொந்தால் சாமியிடம் விவரமாகச் சொல்ல வேண்டும், மொட்டையாகச் சொன்னால் யாரைப் போய்க் கேட்பது என்று சாமிக்குத் தெரியாது என்பது அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். எனக்கு அந்த வசதி இல்லை. என் பக்தி அரைகுறை. மேலதிகாரி மேல் வருகிற கோபத்தை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்து, சிகந்தராபாத்தை அடுத்த மௌலா அலிக்குப் பக்கத்தில் எங்கள் ஆலையின் குடியிருப்பில் குடிவைத்தேன். தெரிந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தன. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். மகள் பிறந்து அவள் நடை பழகுகிற சமயத்தில் பக்கத்து வீட்டுக்கு ராஜஸ்தான்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். சமணர்கள். அவருக்கு எங்கள் ஆலையிலேயே கணக்குப் பிரிவில் வேலை. அந்த அம்மாளை என் மனைவி இந்தியில் அண்ணி என்று அர்த்தம் வருகிற 'பாபி' என்று கூப்பிடுவாள். ஆண்கள் பஸ் ஏறிய பிறகு இருவரும் கொல்லைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று மதியம்வரை பேசுவார்கள். என் மனைவி வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வைக் காய்கறிக்காரனிடமும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வைப் பால்காரனிடமும் கற்றுக்கொண்டாள். மீதி இந்தி முழுக்கப் பாபி கொடுத்தது. அந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர்தான்.

மழைக்காலத்தில் சமணர்களுக்கு ஒரு நோன்பு வரும். வந்த வருஷம் அந்தச் சமயத்தில் அவர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் இங்கேயே இருந்தார்கள். பாபி எட்டு நாள் வெந்நீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தார். அது முடிந்த மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று கைகூப்பினார்கள்.

"மிச்சாமி துக்கடம். போன வருஷத்தில் தெரிந்தோ தெரியாமலோ, மனதாலோ வாக்காலோ உடம்பாலோ உங்களை நோகடித்திருந்தால் எங்களை மன்னியுங்கள்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் சமணரைக் கழுவேற்றுகிற காட்சியைச் சுவரில் படமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். அதையெல்லாம் காலங்காத்தாலே எடுத்துச் சொல்ல முடியுமா? "பரவாயில்லை, பரவாயில்லை" என்று உளறிவைத்தேன்.

என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் கலங்கியிருந்தன. "உள்ள வாங்க பாபி, உக்காருங்க" என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். பாபி பேசியது இந்தி. என் மனைவி பேசியது, இந்தி என்று அவள் நம்பிய ஒன்று. இரண்டையும் நான் தமிழாக்கித் தருகிறேன்.

"நான் ஆசையா சுட்டுக் கொடுத்த அடையக் கொல்லைக் கதவு வழியா வேலைக்காரி கையில கொடுத்தியளே, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னைக்கு நீங்க பச்சைச் சேலை கட்டியிருந்திய."

பாபி வாயைத் திறந்தார். என் மனைவி நிறுத்தவில்லை. மகள் பிறந்தநாளன்று கேசரியை விடுங்கள், ஒரு வாய்த் தண்ணீர்கூட இந்த வீட்டில் குடிக்காதது. நாங்கள் இரவல் வாங்கிய பித்தளை வாளியைத் திருப்பிக் கொடுத்ததும் கண் முன்னாலேயே புளி போட்டு விளக்கியது. மற்ற பெண்களோடு சினிமாவுக்குப் போனபோது ஒரு வார்த்தை கூப்பிடாதது. எங்கள் மகளைப் பார்த்து 'நிறம்தான் கொஞ்சம் மட்டு, முகம் லட்சணம்' என்று நாலு பேர் நடுவில் சொன்னது. நான் கண்ணைக் காட்டினேன், கனைத்தேன், நாற்காலியை இழுத்துச் சத்தம் போட்டேன். அந்த அம்மனே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துகிற ஆள் இல்லை அவள்.

கடைசியாகக் குரல் தணிந்து ஒன்று சொன்னாள். "எங்கம்மா செத்துப்போன தந்தி வந்த அன்னைக்கு நீங்க வாசப்படி வரைக்கும் வந்தியளே. உள்ள வரலியே பாபி."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல" என்று முடித்து, பால் காய்ச்ச எழுந்து போனாள். பால் வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். பாபியின் முகத்தில் ரத்தமே இல்லை.

என் மனைவிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "எவ்வளவு நல்ல பழக்கம் பாத்தியளா அத்தான்! நம்ம ஊர்ல ஒருத்தியாவது இப்படி வந்து கேப்பாளா?"

"அவங்க எல்லா வீட்டுலயும் போய் இதையேதான் சொல்லுவாங்க" என்றேன்.

"எல்லா வீட்டுலயுமா? அப்ப எனக்குன்னு கேக்கலியா?"

செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அன்று மதியம் குழம்பில் உப்பில்லை.

அதற்குப் பிறகு பாபி கொல்லைச் சுவர்ப் பக்கம் வரவேயில்லை. என் மனைவி துணி காயப்போடுகிற சாக்கில் காய்ந்த துணியையே திரும்பக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். ராத்திரி மகளைத் தூங்கவைத்துக்கொண்டே, "இனி யாருகிட்ட பேசுவேன் அத்தான்" என்றாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் ஒருத்தன் இருக்கிறேனே என்று சொல்ல நினைத்தேன். ஆனால் மதியம்வரை சுவரோரம் நின்று பேச என்னால் முடியாது, அது அவளுக்கும் தெரியும்.

கடைசியில் கேன்டீனில் கணக்குக்காரரே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீங்களும் பதிலுக்கு மிச்சாமி துக்கடம் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உங்கள் வீட்டில் வவுச்சர் வவுச்சராக எடுத்துவைத்துவிட்டார்கள்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சிகந்தராபாத்தில் தங்கியிருந்த சமணத் துறவி அம்மாக்களிடம் பாபி போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்ததுதான், ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே, என்ன பரிகாரம் என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நாள் உபவாசம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எட்டு நாள் நோன்பிருந்த உடம்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் மறுபடி பட்டினி ஆரம்பிக்கப்போகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"எத்தனை சொன்னேன் அத்தான்?"

"நான் எண்ணலை. நிறையச் சொன்னே."

அடுத்த நிமிஷம் கொல்லையில் இருந்தாள். "பாபி! பாபி!" என்று குடியிருப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். பாபி மெல்ல வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிற பாவனையில் அங்கேயே குந்தினேன்.

"அடைய நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன் பாபி. அதுல வெங்காயம் கிடந்துச்சு, நீங்க எப்படித் திம்பிய?"

"வெங்காயம் இருக்கட்டும். அன்றைக்கு உன் மனசு நொந்ததா, இல்லையா?"

"இல்ல. பொய் சொன்னேன்."

"பொய்யா?" பாபி முன்னிலும் அதிகமாக அதிர்ந்துபோனார். பொய்க்குத் தனியாக ஏதோ பரிகாரம் இருக்கும்போல.

"ஐயையோ, பொய்யும் இல்ல!"

பாபி ஒரு கேள்வி கேட்டார். "கோபம் வந்ததா, மனசு நொந்ததா? கோபம் என்றால் அது உன் கணக்கு, நீதான் கழிக்க வேண்டும். நொந்தது என்றால்தான் என் கணக்கு."

என் மனைவி திருதிருவென்று விழித்தாள். அம்மன் சந்நிதியில் இந்த விசாரணை கிடையாது. அங்கே கோபமும் நோவும் ஒரே மூட்டையாகத்தான் போய் இறங்கும், அம்மன் பிரித்துப் பார்த்துக்கொள்வாள். இப்போது இவளே பிரிக்க வேண்டியிருந்தது. அவள் யோசித்து நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"அடைக்குக் கோபந்தான்" என்றாள். ஒரு பட்டினி ஒழிந்தது. கேசரிக்கும் கோபம். பொழுது சாய்ந்தால் இவர்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள் என்பது அப்போது தெரியாது, தெரிந்த அன்றே ஆறிவிட்டது. வாளிக்கும் கோபம். "நான் வெளக்கினத விட நீங்க வெளக்கினது பளபளன்னு இருந்துச்சு, அந்த வயித்தெரிச்சல்." சினிமாவில் தடுக்கியது.

"அத்தான், பொறாமை யாரு கணக்கு?"

"உன் கணக்குதான்" என்றேன், செயினை விட்டுத் தலைநிமிராமல். பாபியும் ஒத்துக்கொண்டார்.

மகளின் நிறத்தில் இழுபறி. "கோபம்னே வச்சுக்கிடுங்க பாபி" என்றாள் இவள். வைத்துக்கொள்வதெல்லாம் செல்லாது, நொந்ததா சொல் என்றார் அவர். "கொஞ்சம்" என்றாள். கொஞ்சத்துக்கு முழு உபவாசம் எதற்கு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருந்தால் போதும் என்று அவர்களே பேசி முடித்தார்கள். எங்கள் ஆலையில் தொழிற்சங்கத்தோடு நடந்த எந்தப் பேச்சுவார்த்தையும் இவ்வளவு சுமுகமாக முடிந்ததில்லை.

கடைசியாக அம்மா செத்த நாள் மட்டும் நின்றது.

சித்திரை வெயிலில் வந்தது அந்தத் தந்தி. அடுத்த ரயில் பிடித்தாலும் ஊர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும், முகம் பார்க்க முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போனோம். தந்தி வந்த அன்று அவள் சமையலறைத் தரையில் விழுந்து அழுதாள். கூட அழ ஒரு பெண் இல்லை. நான் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பாபி தலையைக் குனிந்துகொண்டார். "அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சாவு விழுந்த வீட்டுக்குள் வந்தால் தலைமுழுக வேண்டும். வீட்டில் இருந்தது ஒரு வாளி."

"தெரியும் பாபி. எங்க வீட்டுலயும் வரல."

"அப்படியானால் கோபம்தானே?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பதைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாளுக்கு ஒரு நாள் சோறு கிடைக்கும். ஊரையே தூக்கிச் சாப்பிடுகிற கோபக்காரி, இந்த ஒரு நாளுக்கா கோபம் இல்லாமல் போய்விடும்?

"கோபமே வரல பாபி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. காரணம் தெரிந்ததும் மற்ற எல்லாம் ஆறிவிட்டன. இது காரணம் தெரிந்தும் ஆறாமல் கிடந்தது. அதை அம்மனிடமும் அவள் சொன்னதில்லை. எந்த வெள்ளிக்கிழமையும் என் காதில் விழவில்லை.

பாபி தலையசைத்தார். "அது என் கணக்கு. இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே போனார்.

மறுநாள் எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் பாபி முன்வாசல் வழியாக வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் வெறுந்தரையில் உட்கார்ந்தார். சீக்கிரம் எழுந்திருக்க வந்தவர் போலத் தெரியவில்லை. அன்று அடுப்பு மூட்டவில்லை. என் மனைவியும் சாப்பிடவில்லை என்பதும், எனக்கும் சாப்பாடு கிடையாது என்பதும் மெல்லத்தான் உறைத்தது. மகளுக்கு மட்டும் பாலும் பிஸ்கட்டும் கிடைத்தன.

"உங்கம்மாவைப் பற்றிச் சொல்லு" என்றார் பாபி.

ஆலைக்குக் கிளம்புகிறவரை நான் கூடத்தில் இருந்தேன். என் மனைவி முதலில் அழுதாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அம்மா என்றால் முதலில் வருவது அம்மா வைக்கிற மீன் குழம்பு. சாளை மீனைச் சட்டியில் போட்டு உப்புப் போட்டு உரசுவது, தலையைக் கிள்ளுவது, குடலை எடுப்பது என்று விவரமாக, ஒன்றுவிடாமல், விக்கி விக்கிச் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. எறும்பை மிதித்துவிடுவோமோ என்று தரையைப் பார்த்து நடக்கிற அந்த அம்மாள், வெறும் வயிற்றோடு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கேட்டார். புளி கரைத்து ஊற்றுகிற இடத்தில் என் மனைவி நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்புறம்?" என்றார் பாபி.