ஏழுமலை அண்ணனுக்குச் சொல்லாமல் விட்ட பச்சை

செய்தி வந்தபோது நான் ஆவடியில், புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டின் ஹாலில், நாற்காலி மேல் ஏறி ஜன்னலுக்கு நேரே திரைத்துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்திருக்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். சட்டம் போட்டவர் ஏழுமலை அண்ணன். மறுபடியும் அடித்தது. அந்த வீட்டம்மாவே எடுத்து என் காதில் வைத்தார். அண்ணனின் மனைவி செல்வி அண்ணி பேசினார். "கோமதி, உங்க அண்ணன் போய்ட்டாரும்மா. டீ கேட்டாரு, போட்டு எத்துகினு வர்றதுக்குள்ள..." துணியோடு நாற்காலியை விட்டு இறங்கினேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பாடியில் பிறந்து வளர்ந்த மனிதர். கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் திரைத்துணிக் கடையைத் தொடங்கியவர். நான் அவருடைய கடைக்கு வாடிக்கையாளராகப் போய், வேலைக்கு நின்று, கடைசியில் கூட்டாளி ஆனவள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் ஜன்னலிலும் சோபாவிலும் கட்டிலிலும் அவர் கை பட்ட துணி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அண்ணனுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. தங்கை முறையில் நான் கோடித் துணி எடுத்துப்போக வேண்டும். இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற அந்தப் புதுத் துணியை, இந்த மனிதருக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது? தப்பான துணியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் என்ன செய்வது?

ஏன் இவ்வளவு பயம் என்றால், குமணன்சாவடியில் அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் சாவுக்கு அண்ணனும் நானும் ஒருமுறை போயிருந்தோம். மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்தவர், பிணத்தின் மேல் கிடந்த கோடித் துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நிமிர்ந்து, "கஞ்சியப் போட்டு வெறப்பா வச்சிக்கீறானுங்க. இது துணியா?" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர், "பொணத்துக்குத்தான நைனா, உடு" என்று சமாதானம் சொன்னார். அண்ணன் விடவில்லை. "பொணத்துக்குன்றதாலதான் சொல்றேன். இவரு இன்னொரு தபா மாத்திக்க முடியுமா?" என்றார். அந்தக் கேள்விதான் ஆவடியில் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு சித்திரை மத்தியானம். திருநெல்வேலியிலிருந்து வந்து, கடன் வாங்கிக் கொரட்டூரில் வீடு வாங்கி, ஜன்னலுக்குப் பழைய வேட்டியைக் கட்டி வைத்திருந்த காலம். வெயிலில் வெந்துபோய் உள்ளே நுழைந்தேன். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "குந்துமா. மின்ன தண்ணி குடி. துணி எங்க ஓடப்போவுது" என்றார். யார் வந்தாலும் அவருக்கு அதுதான் வரவேற்பு. தண்ணீர் குடித்துவிட்டு மெரூன் நிறத்தில் காட்டச் சொன்னேன். கரும்பச்சையை எடுத்து விரித்தார். "இது பச்சைங்க" என்றேன். "அப்டியா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. பொறந்ததுலேருந்தே அப்டித்தான். நீ பாத்து எத்துக்கோ" என்றார், வெட்கமே இல்லாமல்.

சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே மண் நிறம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு திரைத்துணிக் கடை நடத்திய தைரியசாலி அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நிறம் தெரியாம எப்படிங்க விக்கறீங்க, இது அநியாயம் இல்லையா?" என்று கேட்டேன். "அநியாயம்தான். அப்ப நீ வந்து நில்லேன்" என்றார். நான் போய் நின்றேன். துணி அவர், நிறம் நான் என்று ஆயிற்று.

துணி விஷயத்தில் அவரிடம் யாரும் தப்ப முடியாது. புதுத் துணி வந்தால் ஒரு துண்டு வெட்டி, கடையின் போர்வெல் தண்ணீரில் துவைப்பார். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் விறைத்துப்போகிற துணி கடைக்குள் வராது. பிழைத்தது மொட்டை மாடியில் மேற்கு வெயிலில் காயும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கைக்குள் வைத்துக் கசக்குவார். விரலை விட்டதும் அது எப்படி விழுகிறது என்பதுதான் கடைசிப் பரீட்சை. "நல்ல துணி தானா வுழும். நீ இஸ்த்து வுட்டாதான் நிக்கும்னா அது கெட்ட துணி" என்பார்.

வீடுகளுக்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெட்டாத துணியை அப்படியே கொண்டுபோய் ஜன்னலில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு வந்துவிடுவோம். "கொஞ்ச நாள் அதோட குடித்தனம் பண்ணிப் பாரு. ஒத்துவந்தா வெட்றேன்" என்பார். ஒத்துவராமல் திரும்பி வந்த துணிகள் உண்டு. ஒரு வீட்டில் அதையே கொலுப் படியில் விரித்துவிட்டுக் குங்குமக் கறையோடு திருப்பிக் கொடுத்தார்கள். வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டார். நான்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிடிவாதக்காரர். அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற ஒரு தம்பி, பகலில் தூங்குவதற்காக வெளிச்சமே வராத ரப்பர் பூச்சுத் துணி கேட்டார். அண்ணனுக்கு ரப்பர் துணி என்றால் ஆகாது. அடம்பிடித்துத் தடித்த பருத்தியை மாட்டிவிட்டு வந்தார். வாரக் கடைசியில் அந்தத் தம்பி சிவந்த கண்ணோடு கடைக்கு வந்து, "அண்ணா, துணி ரொம்ப அழகா இருக்கு. தூக்கந்தான் வரல" என்றார். அன்றைக்கே அண்ணன் எங்கோ போய் ரப்பர் துணி வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டினார். "என்னண்ணே, கொள்கை எல்லாம் போச்சா?" என்று கிண்டல் செய்தேன். "தூங்காத மன்சனுக்கு இன்னா காட்டனு, இன்னா பட்டு? போம்மா" என்றார்.

நிறம் என் பொறுப்பு என்றேன் அல்லவா, அதிலும் அவர் என்னைச் சும்மா விட்டதில்லை. "மெரூன், மஸ்டர்டுன்னு பேரச் சொல்லாத. அத்த ஊட்ல மாட்டினா எப்டி கீதுன்னு சொல்லு" என்று கேட்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. தெரியாதவருக்கு எதைச் சொல்வது? பிறகு சொல்லப் பழகினேன். ஆரஞ்சு எப்படி என்று கேட்டார். "சாயங்காலம் ஹார்ன் சத்தத்துல பாடி மேம்பாலத்துக்கு அடியில நிக்கற மாதிரிண்ணே." "அய்ய, அத்த ஹால்ல மாட்டாத. சிறுசுங்க படிக்க வேணாமா?" மெரூன்? "கல்யாணத்துல சாப்பிட்டு முடிச்சு, வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி." கண்ணை மூடி யோசித்து, "ஆங், அது பெரியவங்க ரூமுக்கு ஆவும்" என்பார். பிரவுன் நேற்று வைத்த மீன்குழம்பு. அது கேட்ட உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்தப் பேச்சைக் கேட்ட வாடிக்கையாளர்களும் எங்கள் பாஷைக்கு வந்துவிட்டார்கள். "அக்கா, பந்தி முடிஞ்ச கலர்ல மெத்தை உறை இருக்கா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பச்சையை மட்டும் என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. கறிவேப்பிலை என்றேன். "அது வாசன." ஏரிக்கரைப் புல் என்றேன். "அது ஈரம். கலர் எங்கம்மா?" எதைச் சொன்னாலும் தள்ளிவிடுவார். "சரி, இன்னொரு நாள் சொல்லு" என்று முடித்துக்கொள்வார்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடியில் மாதிரி வீட்டுக்குத் திரை போட எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த மேனேஜர் காதில் யாரோ ஊதியிருந்தார்கள். "உங்களுக்குக் கலரே தெரியாதாமே சார்?" என்றார். "ஆமா சார், தெரியாது. அது இவங்க டிபார்ட்மெண்ட்டு" என்று அண்ணன் என்னைக் காட்டினார். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம் இதுக்குன்னு ஏதாவது கோர்ஸ் படிச்சிருக்காங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "இவங்க சொன்னா எனக்கே கலர் தெரியுது சார். கண்ணு கீற உங்களுக்குத் தெரியாமப் பூடுமா?" என்றார். வேலை எங்களுக்குக் கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அண்ணன் சொன்ன அந்த வார்த்தையைவிடப் பெரிய பட்டத்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அன்றைக்கு ஆவடியிலிருந்து நான் நேராக அவர் வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குத்தான் போனேன். ஷட்டரைத் திறந்து உள்ளே நின்றால் கண் நிறைந்து வழிகிறது, ஒன்றும் தெரியவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அடுக்கில் கையை வைத்து ஒவ்வொரு துணியாகத் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் கை நின்றது. உருவிக் கசக்கினேன். விட்டேன். தானாக விழுந்தது. அளந்து கிழித்து மடித்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் கூட்டம். அண்ணன் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடித் துணிகள் கிடந்தன. நான் என்னுடையதைப் பிரித்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். "இன்னாம்மா இது, சாவு ஊட்டுக்குப் பச்சக் கலர்ல எத்துகினு வந்துக்கீற?" அப்போதுதான் பார்த்தேன். கரும்பச்சை. நிறம் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற நான், நிறம் பார்க்காமல் வந்திருக்கிறேன். மடித்துவிடலாம் என்று குனிந்தேன்.

செல்வி அண்ணி எழுந்து வந்தார். துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, அண்ணன் தேய்க்கிற மாதிரியே தேய்த்தார். "துணி நல்லாக்கீது கோமதி. கலரு அவருக்கு எப்பவும் ஒண்ணுதான. போத்து" என்றார். போர்த்தினேன். நான் எங்கேயும் இழுத்துவிட வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துணியின் மிச்சத்தை என் வீட்டு மேற்கு ஜன்னலில் மாட்டியிருக்கிறேன். சாவுக்குக் கிழித்ததை வீட்டில் மாட்டலாமா என்று என் மாமியார் கேட்டார். "எங்க அண்ணன் துவைச்சுப் பாத்து எடுத்த துணி அத்தை. இதைவிட நல்லது நம்ம வீட்டுக்கு வராது" என்றேன். இப்போது மத்தியானத்தில் மாமியார்தான் அந்த ஜன்னல் பக்கத்தில் படுக்கிறார்.

அண்ணனுடைய கை எனக்கு வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆவடி வீட்டுக்கு நானே கசக்கிப் பார்த்துத் துணி கொடுத்தேன். குடித்தனம் பண்ணிப் பார்த்துவிட்டு வெட்டச் சொன்னார்கள். கடை வாசலில் அதே முக்காலி இருக்கிறது. வெயிலில் வருகிறவர்களுக்கு அதை இழுத்துப் போடுகிறேன்.

போன வாரம் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து, அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்தபோது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. அண்ணே, பச்சை எப்படி இருக்கும் தெரியுமா? வெந்துபோய் வந்தவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "குந்துமா, மின்ன தண்ணி குடி"ன்னு சொன்னீங்களே, அப்படி இருக்கும்.