பாதி வேகத்தில் ஒரு பாட்டு

வீட்டில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்கும்போதே மாடியில் குழாய் சொட்டுவது அவளுக்குக் கேட்கும். தோழியிடம் ரகசியம் பேசவேண்டுமென்றால் மகள் தெருமுனைக்குப் போய்விடுவாள். “அங்க நின்னு பேசினா மட்டும் உங்கம்மாவுக்குக் கேட்காதா? அடுத்த ஊருக்குப் போ,” என்பார் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் அவருடைய காது பாதி மந்தம். ஒருவருக்கு எல்லாம் கேட்கும், இன்னொருவருக்கு எதுவும் கேட்காது. அதனால்தான் இந்தக் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்பது மகளின் கணக்கு.

அவள் முன்பு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது, ஆற்றோரத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. இரவெல்லாம் எரியும் விளக்குகளும் ஓயாத வாகன இரைச்சலும் காட்டு உயிர்களை என்ன செய்கின்றன என்று பல நாடுகள் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்த திட்டம் அது. நாட்டுக்கு நாடு மரங்களில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டி ஒலியைப் பதிவு செய்தார்கள். கணினி முதலில் சலித்துக் கொடுக்கும். அதற்கு விளங்காததை மனிதர்கள் கேட்டு, இது பறவை, இது தவளை, இது லாரி என்று குறிக்கவேண்டும். ஒரே ஒரு விதி: சொந்த நாட்டுப் பதிவை யாரும் கேட்கக் கூடாது. பழகிய காது, இல்லாததையும் இருப்பதாகக் கேட்டுவிடுமாம். அதனால் இவள் ஊர் ஆற்றுத் தவளைகள் ஒரு குளிர்நாட்டுக்குப் போயின. அந்த நாட்டின் நெடுஞ்சாலை ஓரத்துக் காடு இவளிடம் வந்தது.

நிலையத்தின் மாடியில் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. ஒரு மேசை, கிரீச்சிடாத ஒரு நாற்காலி, கழுத்துவலிக்கு ஒரு தலையணை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் அவள் அந்த அறையில் இருக்கமாட்டாள். ஈரமான உயர்ந்த மரங்களுக்கு நடுவில் நின்றிருப்பாள். இலை இலையாக மழை இறங்கிவரும். தூரத்தில் ஒரு கதவு முனகும். தொண்டை கட்டிய ஒரு நாய் யாரையோ பார்த்து இரண்டு முறை குரைத்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிடும். அதற்கெல்லாம் அடியில், முடியாத ஒரு பெருமூச்சுபோல நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றினால், தன் ஊரே கொஞ்ச நேரம் வெளியூர் மாதிரி இருக்கும். வழியில் எதிர்ப்படுபவர்கள் பேசுவது காதில் ஏறாது. “எங்கம்மா போயிட்டு வர்றே?” என்று கேட்பார் கணவர். “காட்டுக்கு,” என்பாள்.

அந்தக் குளிர்நாட்டில் இவளுடைய தவளைகளைக் கேட்டவளும் ஒரு பெண்தான். வாராவாரம் இருவரும் திரையில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். பேசிய மொழி இருவருக்குமே சொந்தமில்லை. இலக்கணத்தை இருவரும் சரிபாதியாகக் கொலை செய்தார்கள். எப்போதும் கம்பளிச் சட்டையோடு தெரிந்ததால் மகள் அவளுக்குப் பனிக்காரி என்று பெயர் வைத்தாள். பனிக்காரிக்கு இந்த ஊரில் எத்தனை வகைத் தவளை என்று தெரியும். எத்தனை தெரு என்று தெரியாது.

ஒருநாள் பனிக்காரி வழக்கத்துக்கு மாறாகத் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சின்னக் குருவி இருக்கில்ல, கட்டைவிரல் அளவு இருக்குமே, அதை நீங்க ரொம்ப நாளா குறிக்கவே இல்லை.”

“அது இப்ப பாடுறதில்லையே.”

“பாடுது,” என்றாள் பனிக்காரி மெதுவாக. “ரெண்டாவது ஆள் சரிபார்க்கும்போது கேட்டிருக்காங்க. தினமும் பாடுது.”

பேச்சு முடிந்ததும் இவள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். மழை இருந்தது. நாய் இருந்தது. குருவி பாடுவதாகத் திரையில் கோடு காட்டிய இடத்தில் வெறும் காற்று.

காது பரிசோதகர் சுற்றி வளைக்கவில்லை. “கீச்சுன்னு வர்ற மேல் ஒலியெல்லாம் போயிடுச்சுங்க. வயசும்தான், ஹெட்போனும்தான். மத்ததெல்லாம் அருமையா இருக்கு.”

“திரும்ப வருமா?”

“வராதுங்க.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “சரி விடு. இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தாங்கமுடியாதது காது போனதுகூட இல்லை. அந்தக் குருவி தினமும் பாடியிருக்கிறது, தானும் தினமும் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறாள், இருந்தும் கேட்கவில்லை. அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

மறுநாள் திட்டத் தலைவியின் அறைக்குப் போனாள். “மேடம், எனக்கு மேல் ஒலி கேட்கலை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. வேற ஆளைப் பாருங்க.”

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “பாக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிடுவோம். அவங்க காட்டை உங்க அளவுக்குக் கேட்டவங்க வேற யார் இருக்கா?”

திரையில் பனிக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “வௌவால் கத்துறது நம்ம யாருக்குமே கேட்காது,” என்றாள். “அதுக்கு என்ன பண்றோம்? பதிவை மெதுவா ஓட்டுறோம். வேகம் குறைஞ்சா சத்தமும் கீழே இறங்கி வரும். குருவிக்கும் அப்படியே பண்ணா என்ன?”

“ரெண்டு மடங்கு நேரம் ஆகுமே,” என்றார் தலைவி.

“ஆகட்டும். காட்டுக்கு ஒண்ணும் அவசரமில்லையே.”

தலைவி சிரித்துவிட்டார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

பாதி வேகத்தில் அந்தக் காடு வேறு காடாக இருந்தது. மழைத்துளிகள் ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து விழுந்தன. கொசு கிழவனைப் போல முனகிக்கொண்டு போனது. லாரிகள் பெட்டியின் அருகே நீருக்கடியில் திரும்பிப் படுக்கும் பெரிய விலங்குகள்போலப் புரண்டன. நாய்கூட ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல் குரைத்தது. அதற்கு நடுவில், கட்டைவிரல் அளவுக் குருவி பாடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நிதானமாக மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் நடுங்கி, அப்புறம் படித்துறையில் இறங்குவதுபோல நீளமாக இறங்கியது பாட்டு. இவ்வளவு பெரிய பாட்டை அந்தச் சின்ன உடம்பு எங்கே வைத்திருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று சாயங்காலம் காவலாளி வந்து கதவைத் தட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மாதங்கள் போயின. மெதுவாகக் கேட்டதில் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பதிவுக் குறிப்பின்படி விளக்குக் கம்பத்தை ஒட்டிய மரங்களில் பாட்டு உச்சியிலேயே அறுந்துபோனது. அங்கே விடியுமுன்பே குருவி ஆரம்பித்துவிடும். ஆனால் இறங்கும் பகுதி மட்டும் வராது. இருட்டான மரங்களில் முழுசாக வந்தது.

“எனக்கு ஆசையா இருக்கிறதால அப்படிக் கேட்குதா?” என்று பனிக்காரியைக் கேட்டாள்.

“காட்டுப் பக்கம் நடக்கும்போது எனக்கும் போன வருஷமே லேசா அப்படித் தோணிச்சு. நிச்சயமில்லாததால சொல்லலை. வா, ரெண்டு பேருமா பார்த்துடலாம்.”

பனிக்காரி ஒலியைப் படமாக்கிப் பார்த்தாள். வேறொரு நாட்டிலிருந்த கணக்கு நிபுணர் இரைச்சலைத் தனியாகவும் வெளிச்சத்தைத் தனியாகவும் பிரித்துப் பார்த்துவிட்டு, சாலை அமைதியாக இருந்தாலும் விளக்கு இருந்தால் பாட்டு அறுந்துபோகிறது என்றார். குருவி சீக்கிரமே தொடங்கிக் களைத்துவிடுகிறதா, வேறு காரணமா என்று அவர்களால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. அவர்களுடைய அறிக்கை அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறைக்குப் போனது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் மட்டும் ஒரு துண்டுச் சாலையில் விளக்கை அணைத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷக் கூட்டம் பனிக்காரியின் ஊரில் நடந்தது. இவள் முதல்முறையாக விமானம் ஏறினாள். விமான நிலையத்தில் பனிக்காரி காத்திருந்தாள். திரையில் இவ்வளவு பேசியவர்கள், கையைக் கோத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். பனிக்காரி இவளைவிட ரொம்பக் குட்டை. அதைத் திரை சொல்லவே இல்லை.

விடியும் நேரத்தில் காட்டுக்குப் போனார்கள். வண்டியை விட்டு இறங்கி நடந்தபோது இடப்பக்கம் ஒரு முனகல் கேட்டது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கதவு! மரக்கதவு, பச்சைப் பெயின்ட் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். துருப்பிடித்த இரும்புக் கதவாக இருந்தது. அதன் பின்னால் வந்த நாயோ ஒரு முழம்கூட இருக்காது. “நீயா அது?” என்று தன் மொழியில் கேட்டாள். நாய் இரண்டு முறை குரைத்துவிட்டுப் போனது.

பெட்டி கட்டியிருந்த மரத்தடிக்கு வந்தார்கள். பக்கத்தில் விளக்குக் கம்பங்கள் அணைந்து நின்றன. பனிமூட்டம் தரையோடு நகர்ந்துகொண்டிருந்தது. எதுவும் பேசாமல் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பனிக்காரி கையுறையைக் கழற்றிவிட்டு இவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு விரல் மெல்லத் தட்டித் தட்டி முழங்கையை நோக்கி ஏறியது. ஓரிடத்தில் நின்று நடுங்கியது. பிறகு, வழுக்கிக்கொண்டு, உள்ளங்கைவரை நீளமாக இறங்கியது.

அவளுக்குக் கேட்டது காற்று மட்டும்தான். ஆனால் தோலில் பாட்டு முழுசாக இருந்தது.

“மறுபடியுமா?” என்று கிசுகிசுத்தாள்.

“மறுபடியும்,” என்றாள் பனிக்காரி. விரல் மீண்டும் ஏறத் தொடங்கியது.

எல்லாக் காலைகளிலும் முழுப்பாட்டு வரவில்லை. பதிவுகளில் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. சாலையில் இன்னும் கொஞ்ச தூரத்துக்கு விளக்கணைக்கப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அவள் ஊர் திரும்பி அந்த அறையில்தான் வேலை பார்க்கிறாள். இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தீவு நாட்டின் கடற்கரைப் பதிவுகள் அவளிடம் வருகின்றன. அங்கே இரவில் ஆமைகள் மணலைத் தள்ளும் சத்தம் கேட்கிறதாம். பாதி வேகத்தில் அது, யாரோ தூக்கத்தில் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வதுபோல் இருக்கிறது என்கிறாள்.