விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பு

தர்மபுரத்தில் எங்கள் குசினிக்கு விறகு மிச்சம் பிடிக்கும் மண் அடுப்பு வந்தது. காடு தப்பும், காற்றில் காபனீரொட்சைட்டு என்ற கரிப்புகை வாயுவும் குறையும் என்று சொல்லித் தந்த பெண் உத்தியோகத்தர், ஒரு மாதம் கழித்துப் பார்க்க வந்தார். விறகு குறையாவிட்டால் அடுப்பை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"முந்தின அளவு விறகுதானே போகுது, தங்கச்சி?"

என் கணவர் முந்திக்கொண்டார். "அடுப்பில பிழையில்லை, அக்கா. மிஞ்சிற விறகில இவா தண்ணி காய்ச்சுறா. பிள்ளை குடிக்க, குளிக்க, துணி அவிக்க. நேற்றுக் கிலுகிலுப்பையையும் அவிச்சவா."

மறுக்க வாய் திறந்தேன். அடுப்பில் பிள்ளையின் மரக்குதிரை கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அடுப்பு இங்கயே இருக்கட்டும். மூடி போட்டு அவியுங்கோ, விறகு மிஞ்சும்."

மிஞ்சியது. அதில் கணவர் இடுப்பில் உடுக்கும் சாரங்களையும் அவிக்கத் தொடங்கினேன்.