விஜயதசமியன்று ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் எதற்கு என்று அப்பா கேட்டபோது, படிக்க என்று நான் பொய் சொல்லவில்லை. கேம் ஆட என்றேன். கரியாஹாட் சைபர் கஃபேயில் கார் ரேஸில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. ஆனால் நான் உட்கார்ந்த உடனே பின்னால் நாலு பையன்கள் வந்து நின்று யோசனை சொல்வார்கள். கேட்காத யோசனை எனக்கு வேப்பங்காய். வீட்டிலேயே ஒன்று வேண்டும், அதையும் நானே பாகம் பாகமாக வாங்கி மாட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கிடர்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பது அப்பாவும் அம்மாவும் வாயைத் திறந்தால் தெரியும். எனக்கு வங்காளம்தான் சரளம்.

"கம்பெனி செட்டுன்னா, ரிப்பேர்னு சொன்னா ஆளு வருவான். நீ மாட்டி அது புகைஞ்சா யாரு வருவா?" என்றார் அப்பா.

"நான் வருவேன்" என்றேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். பூஜை போனஸில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விஜயதசமியன்று ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் நண்பர் சொன்ன கம்பெனி செட். அதை நான் பார்த்திருந்தேன். ஒல்லிப் பெட்டி. பிற்பாடு ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் மாட்ட உள்ளே இடமே கிடையாது. அது வீட்டுக்குள் வந்தால் என் ஆட்டம் அதோடு முடிந்தது.

என் திட்டம் எளிமையானது. மதர்போர்டும் பவர் சப்ளையும் முதல் தரம், பெட்டி பெரியது. ராம் என்கிற மெமரியும் கிராஃபிக்ஸ் கார்டும் இப்போதைக்குச் சின்னது. நான் படம் போட்டு வைத்த தாளை அம்மா பார்த்துவிட்டு, "பொட்டி இம்புட்டுப் பெரிசு, உள்ள பாதி காலி. என்ன கணக்குட்டி இது?" என்றாள்.

"எனக்குப் பாவாடை தைக்கையில ரெண்டு டக் வச்சுத் தைப்பியே, வருஷத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு விட. அதே கணக்குதான்."

அம்மா உடனே அப்பா பக்கம் திரும்பினாள். "துணி நல்லதா இருந்தாத்தான் டக்கைப் பிரிச்சாலும் தாங்கும். அவ சரியாத்தான் சொல்லுதா."

மூன்று மாதமாக நான் படித்ததை அம்மா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

சாந்தினி கம்ப்யூட்டர் சந்தையில் கடைக்கார அண்ணன், பெட்டியோடு வரும் பவர் சப்ளையையே தலையில் கட்டப் பார்த்தார். "ஏதேயி ஹோயே ஜாபே, திதி" என்றார். இதுவே போதுமாம், அக்காவுக்கு. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காலி டப்பா மாதிரி கனமே இல்லை. நல்ல பவர் சப்ளை கையை இழுக்கும். அவர் வேறொன்றை உள்ளேயிருந்து கொண்டுவரும் வரை நான் நகரவில்லை.

நவமியன்று வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு என் பாகங்களும் மணையில் ஏறின. நான் பேட்டைப் பூஜைப் பந்தலுக்குப் போக் பிரசாதம் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஜோராக இருந்தது. மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு.

விஜயதசமி காலை, பந்தலில் டாக் மேளம் முழங்க, ஒவ்வொன்றாக மாட்டினேன். கை தானாகப் போயிற்று. அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் இல்லை. பெட்டி நீளமாக ஒரு தடவை கூவியது, நிறுத்தியது, மறுபடி கூவியது. ராமைக் காணவில்லை என்று மதர்போர்டு சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். கழற்றி மாட்டினேன். அதே கூவல்.

"இன்னும் அஞ்சு நாளு, லட்சுமி பூஜை வரைக்கும் கடை கிடையாது. நான் ஆபீஸ் நண்பர்ட்ட கம்பெனி செட்டுக்குப் பேசிருதேன்" என்று அப்பா போனிடம் போனார்.

"பேசுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசுங்க."

குரல் உறுதியாக வந்தது. மாட்டியதில் பிசகு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் கோளாறு ராமில். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கக் கோடுகளின் மேல், நடுவில், மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்தேன்.

"அம்மா, இதுல சந்தனம் வச்சியா?"

"ஆமா. கவரு மேல வச்சா பூஜை கவருக்குல்லா போகும்? எடுத்து வச்சிட்டுப் பழையபடி உள்ள போட்டேன்."

"இந்த இடத்துலயா?"

"தங்கமா மின்னுச்சு. அதான் முகம்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பென்சில் ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். கோடுகள் பளிச்சென்று ஆனதும் சொருகி சுவிட்சைப் போட்டேன். சின்னதாக ஒரே ஒரு சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா போனை வைத்தார்.

மதியத்துக்குள் கேமும் ஏறிவிட்டது. ஒரு பந்தயம் ஓட்டிக் காட்டினேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே சுவரில் போய் முட்டினார். மறுபடி எடுத்தார்.

"ஏன் இது விட்டு விட்டு ஓடுது?"

"கிராஃபிக்ஸ் கார்டு சின்னது."

"பெரிசு மாட்ட முடியுமா இதுல?"

"முடியும்."

"அந்தக் கம்பெனி செட்டுல?"

"முடியாது."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அடுத்த போனஸ்ல பெரிசாவே வாங்கிருவோம்" என்றார்.