நாற்பது நிமிஷம் கழிப்பறையில் இருந்தவள்

எங்கள் தையல் ஃபேக்டரி லைனில் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே மிஷின், அதே ஸ்டூல். நான் அவளுக்குப் பின்னால் நின்று, தைத்த துணியில் தொங்கும் நூலை வெட்டுகிறவள். அதனால் எனக்குக் கத்தரி என்று பெயர். நாள் முழுக்க நான் பார்ப்பது அக்காவின் முதுகைத்தான். அதைப் பார்த்தே அவளுக்குத் தலைவலியா, மகளுக்குப் பரீட்சையா, இடுப்பு வலியோடு வீட்டில் கிடக்கும் புருஷனோடு சண்டையா என்று சொல்லிவிடுவேன்.

லைனில் முப்பத்தாறு பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பெயிண்ட் அடித்த உள்ளங்கை அகல மரக்கட்டை. அக்காவின் மிஷினுக்குப் பக்கத்துத் தூணில், ஆணியில் தொங்கும். எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவான். டோக்கன் ஆணிக்குத் திரும்பியதும் அந்த நேரத்தையும் எழுதுவான். ஒருத்தி பெயர் நாளில் மூன்றாவது தடவை வந்தால், லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

அந்தக் கத்தலுக்குப் பயந்து நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பக்கத்தில் இருப்பதால் அக்கா முதலில் டோக்கனை எடுத்துப் போவாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் அடுத்தவள் நழுவிப் போய்க் கழிப்பறை வாசலில் அதை வாங்கிக்கொள்வாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. இப்படி ஆறு பேர் போய் வந்த பிறகுதான் கட்டை ஆணிக்கு வரும். சூப்பர்வைசர் ஆளைப் பார்க்கமாட்டான், ஆணியைத்தான் பார்ப்பான். நோட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அது யார் பெயர் என்று எங்களில் ஒருத்தியும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் மதியம் ஆபீஸிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தவளின் முதுகு பலகை மாதிரி இருந்தது. ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றாள்.

"என்னக்கா?" என்றாள் பக்கத்து மிஷினில் பட்டன் வைக்கும் பட்டன்காரி.

"தினமும் நாப்பது நிமிஷம் கக்கூஸ்ல இருக்கேனாம். நானே விருப்பப்பட்டு வேலைய விடறேன்னு டைப் அடிச்சு வச்சிருக்காங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"போட்டுட்டியா?"

"கண்ணாடி எடுத்துட்டு வரல, நாளைக்குப் போடறேன்னு சொன்னேன்." கண்ணாடி அவள் மூக்கிலேயே இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்களைக் காட்டிக்கொடுத்தால் அவள் தப்பிக்கலாம். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் ஃபேக்டரி கேட் பக்கத்தில் பட்டன்காரி என் காதில், "வாயத் தொறந்தா நமக்கும் இதே கதிதான்டி" என்றாள். ராத்திரி வீட்டில் படுத்தபடி, அந்த நாற்பது நிமிஷத்தில் அக்கா தைத்த காலர்களை எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்கா ஆபீஸுக்குப் போக எழுந்தபோது, நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, போர்டு."

தூணின் மறுபக்கம் ஒரு கரும்பலகை உண்டு. மணிக்கு எத்தனை காலர் என்று சூப்பர்வைசரே எண்ணி எழுதுவான். அதையே தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அங்கே சொருகி வைப்பான். அக்கா போர்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த வாரத்துத் தாள்களை உருவிக்கொண்டு நடந்தாள். நான் கத்தரியைக் கையில் பிடித்தபடியே பின்னால் போனேன்.

சூப்பர்வைசரும் நோட்டோடு அங்கே நின்றிருந்தான்; அக்கா மேனேஜர் மேஜையில் தாள்களை விரித்தாள். "சார், ஒன்பதரைலேர்ந்து பத்து பத்து வரைக்கும் நான் கக்கூஸ்ல இருந்தேன்னு நோட்டு சொல்லுது. ஒன்பதரைலேர்ந்து பத்தரைக்குள்ள எப்பவும்போல அறுபது காலர் தச்சேன்னு இந்தத் தம்பி கையெழுத்தே சொல்லுது. மிஷினையும் உள்ள தூக்கிட்டுப் போனேனா?"

"தம்பி இல்ல, சார்னு சொல்லு" என்றான் சூப்பர்வைசர்.

மேனேஜர் தாளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ டோக்கன வச்சிருந்தது யாரு?"

அக்கா விரித்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"நான்தான் சார்." வாசலிலிருந்து பட்டன்காரியின் குரல். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். "நானும்," "நானும்" என்றார்கள். கடைசியாக நானும் சொன்னேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆறு பேருக்கும் மெமோ குடுக்கலாம் சார்" என்றான் சூப்பர்வைசர்.

"குடுங்க. நாளைக்குப் போற லோடுக்கு நீங்க உக்காந்து தைங்க" என்றார் மேனேஜர். அக்காவிடம், "சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

அக்கா நகரவில்லை. "என் மேல தப்பு இல்லேன்னு எழுதிக் குடுங்க சார். வாயால சொன்னது அடுத்த மாசம் மறந்துடும்."

எழுதி வாங்க அரை மணி நேரமானது. அவள் அங்கேயே நின்றாள். நாங்களும் நின்றோம். அந்தத் தாளை நாலாக மடித்து மிஷின் டிராயரில் நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் வைத்தாள்.

டோக்கன் இப்போது இரண்டு. ஆணி சூப்பர்வைசர் மேஜைக்கு நேர் எதிரே போய்விட்டது. அக்காவையும் காற்று வராத கடைசி மூலைக்கு மாற்றினான். என் மேஜையையும் நகர்த்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கத்தல் நிற்கவில்லை. ஆனால் அவரவர் பெயரில்தான் போகிறோம்.

முதல் நாள் நான் போய்விட்டு வந்ததும், அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை நிமிஷம் எழுதினான்?"

"நாலு."

"அவ்வளவு நேரம் உள்ள என்னடி பண்ணினே?"

சிரித்ததில் அவள் தோள் குலுங்கியது. மிஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை.