ஆர்ஃபா அண்ணியின் கையில் தொங்கிய பியூலா

ஆர்ஃபா அண்ணி மாட்டுப்பண்ணையில் பிறந்து, எங்கள் மாட்டுப்பண்ணைக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் அம்மா ஹில்மாவும் எங்கள் சித்தி செல்மாவும் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சு. அந்த உறவில்தான் பெண் கேட்டுப் போனோம்.

விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் எந்தப் பசு கன்று ஈன முடியாமல் தவித்தாலும் அவளைத்தான் அழைப்பார்கள். கயிறு கட்டி இழுக்கும்போது, பசு முக்கினால்தான் இவளும் இழுப்பாள். அது ஓய்ந்தால் இவளும் ஓய்வாள்.

என் அண்ணன் வெர்லினுக்கு ஒரு கும்பிடுபூச்சி மேல் உயிர். தெற்கேயிருந்து வந்த கிறிஸ்துமஸ் மரத்தில் ஒட்டியிருந்த முட்டைக்கூடு வீட்டுச் சூட்டில் பொரிந்து, திரைச்சீலை முழுக்கக் குஞ்சுகள். பிழைத்தது ஒன்றுதான். அதற்குப் பியூலா என்று பெயர் வைத்து, ஜாடியில் ஈ போட்டு வளர்த்தான். அண்ணிக்கு அது பிடிக்காது.

பனி இன்னும் உருகாத மார்ச்சில், தொழுவத்து வாசலில் வழுக்கி விழுந்து அண்ணன் இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பியூலாவை அண்ணியிடம் ஒப்படைத்தான்.

சில நாளில் பூச்சி தீனியைத் தொடாமல் தலைகீழாகத் தொங்கியது. குளிர்ந்துபோன கன்றுக்குட்டியை நாங்கள் என்ன செய்வோமோ அதையே அண்ணியும் செய்தாள். ஜாடியை விறகடுப்புக்குப் பின்னால் வைத்தாள். மத்தியானம் பார்த்தால் முதுகுத் தோல் வெடித்து, உடம்பு பாதி வெளியே வந்துவிட்டது. பின்னங்கால் ஒன்று மட்டும் பழைய தோலுக்குள் சிக்கி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பேசுவது எனக்கும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்தாள்.

"அடுப்புப் பக்கத்துலயா வச்ச? அது கடைசிச் சட்டை உரிக்கிற நேரம், ஆர்ஃபா. ஈரம் வேணும். ரொட்டியா சுடுற?"

"இடுப்ப ஒடச்சுக்கிட்டுப் படுத்திருக்கிறவரு பேசுறாரு. இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லு."

"நனைச்சு விடு. கீழ விழுந்துட்டா ரெக்கை மடிஞ்சிரும். அப்புறம் ஆயுசுக்கும் நிமிராது." அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "முடியலன்னா விட்டுரு. ஒன்னத் திட்ட மாட்டேன்."

"அழுவாத. டோரிஸு, வெந்நி வை" என்று என் பக்கம் திரும்பினாள்.

ஜாடியைச் சுற்றி ஈரத்துணி போட்டோம். சின்னத் தூரிகையால் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். தோல் இளகியதும் சாமணத்தால் அதன் நுனியைப் பிடித்தாள். பூச்சி நெளிந்தபோது இழுத்தாள், அது ஓய்ந்தபோது நிறுத்தினாள். வாயும் சும்மா இல்லை, "அப்படித்தான்டி கண்ணு, இன்னொருக்கா" என்று பசுவிடம் பேசுகிற அதே பேச்சு. கால் விடுபட்டது. அதே நொடியில் பூச்சி பிடி நழுவி, அவள் கம்பளிச் சட்டையின் கைப்பகுதியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அண்ணி மூச்சை அடக்கிக் கையைத் தூக்கினாள். பூச்சி கம்பளிக்குக் கீழே தலைகீழாகத் தொங்கியது.

"வெர்லின், அது என் கையிலதான் தொங்குது."

"அப்படியே இரு. அசையாத. ரெக்கை விரிஞ்சு காயணும்."

"கறவை நேரம் வந்துருச்சுய்யா."

"அண்ணி, கறவைய நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பிறகு அண்ணன், கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவன் வாயால் கேட்டிராத ஒன்றைச் சொன்னான். "நீ வாச்சது என் அதிர்ஷ்டம், ஆர்ஃபா."

"மருந்து ஜாஸ்தியாக் குடுத்துட்டாங்க போல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. இன்னொரு கையை அசைத்தால்கூடப் பூச்சி விழுந்துவிடுமென்று அவள் துடைக்கவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன்.

பால் கறந்து முடித்துத் திரும்பி வந்தேன். நாற்காலி முதுகில் முழங்கையை முட்டுக்கொடுத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். காப்பியை நானே அவள் வாயில் வைத்துக் குடிக்கவைத்தேன். கம்பளிக்குக் கீழே, பச்சை இலை விரிந்தாற்போல நீளமாக, ஒரு மடிப்பும் இல்லாமல் ரெக்கை இறங்கியிருந்தது. பின்னங்கால் மட்டும் லேசாகக் கோணல்.

"ஒங்க அண்ணனுக்குப் போன் போடு" என்றாள். "ரெக்கை நேரா இருக்குன்னு மொதல்ல சொல்லு. காலப் பத்தி நான் சொல்லிக்கிறேன்."